24 நாள்தான் தாங்கும்: வெப் வேலை, ஸ்ட்ரெஸ், உங்க பேங்க் பேலன்ஸ்

ஜூலை மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவங்கள்ல பாதிப் பேர் ஃபார்ம் 16-ஐ மேஜை மேல வெச்சுட்டு வேற ஏதாவதுதான் பேச ஆரம்பிப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி வந்த ஒரு தம்பி, உட்கார்ந்த உடனே கேட்டார்: "சார், பேப்பர் போட்டா எவ்வளவு டேக்ஸ் வரும்?"

பேப்பர் போடறதுக்கெல்லாம் டேக்ஸ் கிடையாதுப்பான்னு சொன்னேன். சிரிக்கவே இல்லை.

29 வயசு. ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர். சோழிங்கநல்லூர் பக்கம் ஆபீஸ், படூர்ல சொந்த ஃபிளாட். காலேஜ் படிக்கறப்பவே சொந்தக்காரங்க கல்யாணத்துக்கெல்லாம் வெப்சைட்லயே பத்திரிகை பண்ணிக் கொடுத்தவர். "ஒரு பட்டனைத் தொட்டா அது லேசா அசையணும் சார், அந்த அசைவு சரியா வர்ற வரைக்கும் ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்" என்று சொன்னார். அதே ஆளுக்கு இப்போ காலையில லேப்டாப்பைத் திறக்கவே கை வரலை. அஞ்சு மாசம் உட்கார்ந்து கட்டின ஒரு டாஷ்போர்டை ஒரே மீட்டிங்ல தூக்கி ஓரமா வெச்சுட்டாங்க. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆன் கால். அமெரிக்க கிளையன்ட்டோட தினம் ராத்திரி எட்டரைக்குக் கால். நவம்பர்ல அவங்க ஊர்ல கடிகாரத்தைப் பின்னாடி தள்ளிட்டா அது ஒன்பதரை ஆகிடும். அவங்க ஊருக்குக் குளிர்காலம், நம்ம ஊருக்கு ராத்திரிச் சாப்பாடு போச்சு.

"பேஷன் போயிடுச்சு சார். வேலையை விட்டுட்டா திரும்ப வந்துடும்னு நினைக்கறேன்."

இந்த மாதிரி நேரத்துல அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் கணக்குப் பார்க்கறவன். அதனால தெரிஞ்சதைச் செஞ்சேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறக்கச் சொன்னேன்.

கைக்கு வர்ற சம்பளம் மாசம் 1,12,000. வீட்டுக் கடன் 48 லட்சம், அதுக்கு இஎம்ஐ 42,000. கார் 14,500. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின பெர்சனல் லோன் 13,400. போன் இஎம்ஐ 4,200. ஊருக்கு அப்பா அம்மாவுக்கு 10,000. சாப்பாடு, பெட்ரோல், மெயின்டனன்ஸ், கரன்ட் எல்லாம் சேர்த்து ஒரு 22,000. ஆக மொத்தம் 1,06,100. சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருந்தது 86,000.

86,000-ஐ 1,06,100 ஆல வகுத்து முப்பதால பெருக்கினா 24 வரும். சம்பளம் நின்னா 24 நாள். அவ்வளவுதான்.

அது மட்டும் இல்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள். நாளைக்கே வெளிய வரணும்னா மூணு மாச பேசிக்கைக் கட்டணும், அது 1,56,000. சேர்ந்தப்ப வாங்கின ஜாயினிங் போனஸ் 2 லட்சம், 24 மாசத்துக்குள்ள கிளம்பினா திருப்பித் தரணும். இவர் சேர்ந்து 14 மாசம்தான் ஆகுது. இதுல வயிறெரியற விஷயம் என்னன்னா, அந்த 2 லட்சத்துல வரி போக இவர் கைக்கு வந்தது ஒன்றரை லட்சம் சொச்சம்தான். திருப்பிக் கேட்கறது முழு 2 லட்சம். ஆஃபர் லெட்டர்ல பதினோராவது பக்கத்துல இருந்தது. படிக்கலைன்னு சொன்னார். யாருமே படிக்கறதில்லை.

வெச்சிருக்கறது 86,000. வெளிய வர டிக்கெட் விலை 3,56,000.

அவருக்கு வேலை மேல இருந்த கோபம் அந்த நிமிஷம் கொஞ்சம் திசை மாறினதைப் பார்த்தேன்.

இதைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. பேஷன் பத்திப் பேசற ரெண்டு கோஷ்டியோடவும் எனக்கு ஒத்துப்போகலை. ஒரு கோஷ்டி, "பிடிச்சதைச் செய், பணம் பின்னால வரும்" என்கிறவங்க. இன்னொரு கோஷ்டி நம்ம சித்தப்பா, பெரியப்பா. "வேலைன்னா அப்படித்தான்டா இருக்கும், ஏசி ரூம்ல உட்கார்ந்துட்டு என்ன டென்ஷன்." ரெண்டு பேருமே இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயமா மட்டும் பார்க்கறாங்க. வெப் துறையில நான் பார்த்த நிறையப் பேருக்கு வேலை பிடிக்காமப் போகலை. "முடியாது" என்று சொல்ற உரிமைதான் போயிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிப்ளாய் பண்ணச் சொன்னா அது தப்புன்னு அவருக்கும் தெரியும், லீடுக்கும் தெரியும். ஆனா 24 நாள் மட்டும் தாங்கற ஆள் அதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சொல்லாம சனி, ஞாயிறு ரெண்டு நாளும் போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். அப்படி அம்பது வெள்ளிக்கிழமை போனா எந்தப் பேஷன்தான் மிச்சம் இருக்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல பர்ன் அவுட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதை நோய்னு சொல்லலை, வேலை சம்பந்தமா வர்ற ஒரு நிலைன்னுதான் சொல்லுச்சு. அதுல மூணு அறிகுறி. சக்தியெல்லாம் வடிஞ்சு போன களைப்பு. வேலை மேல ஒரு விலகல், எதுக்கெடுத்தாலும் ஒரு கசப்பு. அப்புறம், நாம செய்யறது எதுவும் சரியா வரலைங்கற உணர்வு. தம்பிகிட்ட மூணும் இருந்தது. வெறும் களைப்புன்னா பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் அம்மா சமையல் சாப்பிட்டா தெளிஞ்சுடும். மத்த ரெண்டும் லீவுல தெளியாது. திரும்பி வந்து மெயிலைத் திறந்த அரை மணி நேரத்துல பழைய இடத்துக்கே வந்துடுவீங்க.

பணம் எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நான் சொல்ல வரலை. நாப்பது லட்சம் மியூச்சுவல் ஃபண்ட்ல வெச்சுக்கிட்டு ராத்திரி தூக்கம் வராதவங்களையும் எனக்குத் தெரியும். சில மேனேஜர்கள் எந்த எக்செல் ஷீட்டுக்கும் அடங்க மாட்டாங்க. நாங்களும் ஒண்ணும் ஒழுங்கு இல்லை. செப்டம்பர் மாசம் டேக்ஸ் ஆடிட் நேரத்துல நான் எப்படி இருப்பேன்னு என் வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆனா நான் உதவக்கூடிய ஒரே பக்கம் இந்தப் பக்கம்தான்.

சரி, அந்தத் தம்பி என்ன பண்ணார்?

பேப்பர் போடலை. முதல்ல காரை வித்தார். அதுக்கு ரெண்டு மாசம் மனசு வரலை. அப்பா என்ன நினைப்பார், பக்கத்து ஃபிளாட்ல என்ன கேட்பாங்க, இதுதான் கவலை. கடன் போக கையில 1,10,000 நின்னது, மாசம் 14,500 மிச்சம். பைக் ஏற்கெனவே இருந்தது. போன் இஎம்ஐ அஞ்சு மாசத்துல தானா முடிஞ்சது.

பெர்சனல் லோனை முதல்ல அடைச்சிருக்கணுமேன்னு நீங்க கேட்பீங்க. 13% வட்டி, கணக்குப்படி அதைத்தான் முதல்ல அடைக்கணும். நானே வீடியோவுல பத்து தடவை அப்படித்தான் சொல்லியிருக்கேன். இவருக்கு வேண்டாம்னு சொன்னேன். கடன்ல கட்டின காசு அவசரத்துக்குத் திரும்பி வராது. இவருக்கு வேண்டியது வட்டி மிச்சம் இல்லை, மூச்சு விட இடம். 13% கொடுத்துட்டே 7% எஃப்டியில காசு வெக்கறது முட்டாள்தனமாத் தெரியலாம். அந்த வித்தியாசத்தை நான் இன்சூரன்ஸ் பிரீமியமாத்தான் பார்க்கறேன்.

இப்படி ஒரு 11 மாசம். கையில நாலரை லட்சத்துக்குக் கிட்ட சேர்ந்தது. செலவு மாசம் 87,400-க்கு இறங்கியிருந்தது. 24 நாள் இப்போ அஞ்சு மாசம் ஆச்சு.

இதுல நான் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்தது. அஞ்சு மாசம் முழுசா சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, ரெண்டரை மாசச் செலவு சேர்ந்தப்பவே, அவர் போய் லீடுகிட்டப் பேசிட்டார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆன் கால் என்னால முடியாது, டீம்ல எட்டுப் பேர் இருக்கோம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை வெச்சுக்கலாம்னு. லீடு ரெண்டு நாள் யோசிச்சுட்டு சரின்னுட்டார். அவ்வளவு சுலபமா முடிஞ்சதுல தம்பிக்கே கொஞ்சம் கடுப்பு. ஒரு வருஷமா இதைக் கேட்டிருக்கலாமே! கேட்டிருக்கலாம். ஆனா மறுத்துட்டா என்ன பண்றதுங்கற பயம் இருந்தவரைக்கும் வாய் வரலை.

எல்லா லீடும் சரின்னு சொல்ல மாட்டாங்க. அதுக்காகத்தான் அஞ்சு மாசம்.

இந்தக் கோபத்துல அவசரப்பட்டு விடற விஷயங்கள் இன்னும் சிலது இருக்கு. எனக்கு வருஷா வருஷம் வர்ற கேஸ்கள்தான். முதலாவது கிராஜுவிட்டி. பெர்மனன்ட் ஊழியர்னா அஞ்சு வருஷ சர்வீஸ் வேணும். 60,000 பேசிக் வாங்கறவருக்கு அஞ்சு வருஷத்துக்கு வர்றது, 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்தா, 1,73,000 ரூபாய். நாலு வருஷம் நாலு மாசத்துல ஒரு மேனேஜர் மேல இருக்கற கோபத்துல இதை விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க. போறதுல தப்பில்லை, ஆனா அந்தக் கோபத்தோட விலை 1,73,000-ன்னு தெரிஞ்சு போங்க. ரெண்டாவது பிஎஃப். வேலை மாறின உடனே அதை எடுத்து ஒரு டூர் போறது இந்தத் துறையில ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. தொடர்ச்சியா அஞ்சு வருஷம் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு, 50,000-க்கு மேல போனா டிடிஎஸ் பிடிப்பாங்க. பழைய கம்பெனி கணக்கைப் புதுசுக்கு மாத்திட்டா பழைய வருஷங்களும் அந்த அஞ்சுல சேரும். மாத்திடுங்க, முடிஞ்சது.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் உங்க கடைசி நாளோட போயிடும். வேலையை விட்டுட்டு மூணு மாசம் ரெஸ்ட் எடுக்கலாம்னு நினைக்கறவங்க கையில சொந்தமா ஒரு பாலிசி இல்லாம அந்த மூணு மாசம் சுத்தறாங்க. வேலையில இருக்கறப்பவே எடுங்க. ஏற்கெனவே இருக்கற நோய்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம், அது இப்பவே ஓட ஆரம்பிக்கட்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

இன்னொண்ணு, நிறையப் பேருக்குத் தெரியாது. 2017 மனநலச் சட்டப்படி உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கவர் கொடுக்கணும். ஆனா சாதாரண பாலிசி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். கவுன்சலிங் போய்ட்டு வர்ற செலவுக்கு ஓபிடி கவர் இருக்கான்னு பாருங்க. அதுக்கும் முன்னாடி, 14416. மத்திய அரசோட டெலி மானஸ். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். தம்பிகிட்ட நான் இந்த நம்பரை ஒரு விசிட்டிங் கார்டு பின்னால எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டாரான்னு கேட்கலை. ஆடிட்டர் கேட்கற கேள்வி இல்லை அது. உங்களுக்குக் களைப்பையும் தாண்டி, வாழவே பிடிக்கலைன்னு தோண ஆரம்பிச்சா, இந்தக் கட்டுரையில இருக்கற ஒரு கணக்கையும் போட வேண்டாம். முதல்ல அந்த நம்பர்.

படிப்புக்கு வரேன். வெப் துறையில மத்த வேலைகள்ல இல்லாத ஒரு ஸ்ட்ரெஸ், கத்துக்கிட்டது காலாவதி ஆகிடுமோங்கற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஃபிளாஷை நம்பி இருந்தவங்களுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள். ஆங்குலர்ஜேஎஸ்-க்கு 2021 டிசம்பரோட கூகுள் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. இப்போ ஏஐ வந்து உட்கார்ந்திருக்கு. இந்தப் பயத்தை வெச்சு விக்கறதுக்கு ஒரு கூட்டமே இருக்கு. ஒன்றரை லட்சத்துக்கு கோர்ஸ், அதுக்கும் இஎம்ஐ. இஎம்ஐ-யால வந்த ஸ்ட்ரெஸுக்கு மருந்தா இன்னொரு இஎம்ஐ! ஆனா ஜாவாஸ்க்ரிப்ட் வந்தது 1995-ல, சிஎஸ்எஸ் 1996-ல. முப்பது வருஷமா ரெண்டும் நகரலை. 1991-ல வந்த முதல் வெப் பக்கத்தை இன்னைக்கு உங்க போன் பிரவுசர்ல திறந்தாலும் திறக்குது. நான் கோடு எழுதறவன் இல்லை. ஆனா என் கிளையன்ட்கள்ல நிம்மதியா இருக்கற வெப் ஆளுங்களைப் பார்த்தா, அவங்க அடிப்படையைப் பிபிஎஃப் மாதிரியும், புதுசு புதுசா வர்றதை ஸ்மால் கேப் மாதிரியும் நடத்தறாங்க. அடிப்படையில நிறையப் போடறாங்க. புதுசுல கொஞ்சம், போனாலும் பரவாயில்லைங்கற அளவுக்கு.

அப்புறம் ஃப்ரீலான்ஸ். "சம்பள வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் போனா பேஷன் வந்துடும்" என்று சொல்றவங்களுக்கு வரிப் பக்கம் சுலபம்தான், அதை ஒத்துக்கறேன். 44ஏடிஏ-ன்னு நாம சொல்லிட்டிருந்த முறை, 2025 புதுச் சட்டத்துல நம்பர் மாறியிருக்கு, கணக்கு மாறலை. ஐடி தொழிலும் அதுல வரும். 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்கறது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும், வரவுல பாதியை லாபமாக் காட்டி வரி கட்டலாம். அட்வான்ஸ் டேக்ஸ் மார்ச் 15-க்குள்ள ஒரே தடவை. ஜிஎஸ்டி 20 லட்சம் தாண்டினா. சுலபமில்லாதது வேற. இன்வாய்ஸ் அனுப்பி 60 நாள் கழிச்சும் பணம் வராத கிளையன்ட். ஒரு மேனேஜருக்குப் பதிலா அஞ்சு மேனேஜர். மாசச் சம்பளத்துல 24 நாள் தாங்கற ஆள் ஃப்ரீலான்ஸ்ல பத்து நாள் தாங்க மாட்டார். ஆறு மாசம் இல்லை, ஒரு வருஷச் செலவு கையில வெச்சுட்டுப் போங்க. அதுவரைக்கும் சம்பளத்துல இருந்துகிட்டே பக்கத்துல செய்யலாமான்னா, முதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிங்க. நிறைய கம்பெனிகள்ல வெளி வேலை கூடாதுன்னு இருக்கும்.

ஆசைக்காகச் செய்யற எல்லாத்தையும் காசாக்கணும்னு ஒரு பேச்சு இப்போ ஓடுது. பணத்தைப் பத்தியே பேசற நான் சொன்னா சிரிப்பீங்க, ஆனா அது வேண்டாம். வேலை நேரத்துக்கு வெளிய நீங்க சும்மா செய்யற ஒரு பக்கம், ஒரு சின்ன டூல், அதுக்கு விலை போட்ட அன்னைக்கே அதுக்கும் ஒரு டெட்லைன் வந்துடும். திரும்ப அதே வெள்ளிக்கிழமை ஆறு மணி.

தம்பி அப்புறம் கம்பெனி மாறினார். போனஸோட 24 மாசம் முடிஞ்சு, 90 நாள் நோட்டீஸை ஒழுங்கா முடிச்சுட்டு. சின்ன கம்பெனி, கைக்கு 98,000. மாசம் 14,000 குறைச்சல். சொந்தக்காரங்கள்ல ஒருத்தருக்கும் இது புரியலை. சம்பளம் குறைஞ்ச வேலைக்கு யாராவது போவாங்களான்னு கேட்டிருக்காங்க. 87,400-ல வாழப் பழகினதால இவருக்கு அது முடிஞ்சது. மாசம் 10,000 இன்னும் மிச்சம் ஆகுது.

இந்த ஜூலையும் ஃபார்ம் 16 எடுத்துட்டு வந்தார். ரிட்டர்ன் போட்டு முடிச்சதும் போனை நீட்டினார். அவங்க அபார்ட்மென்ட்ல கோடைக்குத் தண்ணி லாரிதான். எந்த பிளாக்குக்கு எத்தனை லோடு வந்தது, அடுத்த லாரி எப்போங்கறதைக் காட்டற ஒரு பக்கம் பண்ணியிருந்தார். லாரி வந்துட்டா சின்ன நீலத் தொட்டி ஒண்ணு மெதுவா நிரம்பும். அந்த நிரம்பற வேகம் சரியா வர ரெண்டு ராத்திரி ஆச்சாம்.

அசோசியேஷன்ல இதுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு கேட்டேன், பழக்க தோஷம். ஒண்ணும் வாங்கலைன்னார். பெர்சனல் லோன் இன்னும் ஒன்றரை வருஷம் ஓடணும்.